கயலுக்கு: அந்த மெஷினை வாங்குவதற்கு முன்

சத்துவாச்சாரி,
ஞாயிறு காலை

அன்புள்ள கயல்,

நேற்று நீ அனுப்பிய படத்தை அப்பாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். பின்னால் மயில்தோகை மாதிரி கருப்புக் கம்பிகள், நடுவில் ஒரு பெஞ்ச், இரண்டு பக்கமும் கயிறு. மாப்பிள்ளை பழையது ஒன்றை நானூறு டாலருக்குப் பார்த்து வைத்திருக்கிறார், வாங்கலாமா, இல்லை டம்பெல் போதுமா என்று கேட்டிருக்கிறாய். போனிலேயே சொல்லிவிடலாம். ஆனால் முப்பத்தோரு வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவளிடம் கேட்டுவிட்டாய், அதனால் நீளமாகத்தான் வரும். பிள்ளை தூங்கும்போது படி.

முதலில் நம் வீட்டு மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2006-ல் அப்பா போனஸ் பணத்தில் ஒரு மல்டி ஜிம் வாங்கி மாடி ஷெட்டில் போட்டாரே, அதுதான். பதினெட்டாயிரம் ரூபாய். அந்தப் பணத்துக்கு நான் வேறு கணக்கு வைத்திருந்தேன், அது போகட்டும். முதல் மாதம் தினமும் போனார், இரண்டாம் மாதம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். தீபாவளி தாண்டியதும் அதன் மேல் வேட்டியை விரித்து வடாம் காயவைக்க ஆரம்பித்தேன்.

அந்த மெஷினில் நீ ஒருநாள் 'நாற்பது' என்று எழுதியிருந்த தட்டில் பின்னைச் செருகி இழுத்துவிட்டு, "அம்மா, நான் நாற்பது கிலோ தூக்கிட்டேன்" என்று குதித்தது ஞாபகம் இருக்கிறதா? பன்னிரண்டு வயது உனக்கு. அப்போது உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை, இப்போது சொல்கிறேன். அதில் நடுவே ஒரு நகரும் கப்பி இருந்தது. கிணற்று ராட்டினம் இழுக்கும் திசையை மட்டும்தான் மாற்றும். நகரும் கப்பியோ பாரத்தையே பாதியாக்கிவிடும், பதிலுக்குக் கயிற்றை இரண்டு மடங்கு தூரம் இழுக்க வேண்டும். உன் கைக்கு வந்தது இருபது கிலோதான். மெஷினில் எழுதியிருக்கும் எண்ணையும் டம்பெலில் எழுதியிருக்கும் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது என்று இதனால்தான் சொல்வேன். ஒரு மெஷினின் எண் இன்னொரு மெஷினுக்கே பொருந்தாது.

மாப்பிள்ளை பார்த்திருப்பதில் தட்டும் இல்லை, கப்பி கணக்கும் வேறு. படத்தைப் பார்த்தால் போஃப்ளெக்ஸ் வகை மாதிரிதான் தெரிகிறது. எத்தியோப்பியாவிலிருந்து அமெரிக்கா போன டெசெமா டோஷோ ஷிஃபெராவ் என்பவர் கண்டுபிடித்தது அது. 1986-ல் சான் ஃப்ரான்சிஸ்கோவில் கம்பெனி தொடங்கினார்கள். பெயரிலேயே வில் இருக்கிறது பார், 'போ' என்றால் இங்கிலீஷில் வில். 5, 10, 30, 50 பவுண்டு என்று எண் போட்ட கம்பிகளைக் கயிற்றில் மாட்டி வளைப்பதுதான் பயிற்சி. வில்லை இழுக்கும்போது எப்படி இருக்கும்? தொடக்கத்தில் லேசாக இருக்கும், வளைய வளைய இறுகும். கம்பியில் 50 என்று எழுதியிருந்தால் அது முழுக்க வளைந்த பிறகு வருகிற கனம். பாதி வழியில் அவ்வளவு இருக்காது.

இரும்பு அப்படி இல்லை. பத்துக் கிலோ தரையில் கிடந்தாலும் தலைக்கு மேலே இருந்தாலும் பத்துக் கிலோதான். ஆனால் நம் கைக்கு அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரியாது. ஒரு வாளித் தண்ணீரை உடம்பை ஒட்டித் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். அதையே கையை முன்னால் நீட்டிப் பிடித்தால் பத்து எண்ணுவதற்குள் தோள் நடுங்கும். டம்பெலை மடக்கித் தூக்கும்போதும் முழங்கை செங்கோணத்துக்கு வரும் இடம்தான் கஷ்டம். அதைத் தாண்டினால் லேசாகிவிடும். இதைச் சரிக்கட்டத்தான் ஆர்தர் ஜோன்ஸ் என்பவர் 1970-ல் நத்தை ஓடு மாதிரி வடிவத்தில் சக்கரம் வைத்த நாட்டிலஸ் மெஷினைக் கொண்டுவந்தார். சக்கரம் வட்டமாக இல்லாததால் அது சுழலச் சுழல நெம்புதூரம், அதாவது நடு அச்சுக்கும் கயிற்றுக்கும் உள்ள தூரம், மாறும், தசைக்கு எந்த இடத்தில் பலம் இருக்கிறதோ அங்கே பாரம் கூடும். கெட்டிக்கார வேலைதான். ஆனால் அதெல்லாம் ஜிம்முக்கான பெரிய மெஷின், உன் அபார்ட்மென்டுக்குள் நுழையாது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ ஏன் பயிற்சி செய்ய நினைக்கிறாய் என்பதைப் பேச்சுவாக்கில்தான் சொன்னாய். தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கும்போது இடுப்பு பிடிக்கிறது, கார் சீட்டோடு படி ஏறினால் மணிக்கட்டு வலிக்கிறது என்றாய். எட்டு மாதக் குழந்தை. தூக்குகிற அந்த நேரத்தில் எந்த இடம் மிகக் கனம் என்று கவனித்திருக்கிறாயா? குனிந்து, கை நீட்டி, தொட்டிலின் அடியிலிருந்து எடுக்கிற முதல் நொடிதான். மார்போடு சேர்த்துக்கொண்டபின் கனமே தெரியாது. கம்பி மெஷின் இதற்கு நேர் எதிர். உனக்குப் பலம் தேவைப்படுகிற அடிப்பகுதியில்தான் அது விளையாட்டுப் பொம்மை மாதிரி இருக்கும். தரையிலிருந்து டம்பெலைத் தூக்கினால் முதல் அங்குலத்திலேயே முழு எடையும் உன் கையில்.

அப்புறம், குழந்தை தண்டவாளத்தில் ஓடுவதில்லை. பாதியில் துள்ளும், பின்னால் வளையும், உன் கண்ணாடியைப் பிடுங்கும். நம் மாடி மெஷினில் பாரம் இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஏறி இறங்கும். அது சாயாமல் பார்த்துக்கொள்வது மெஷினின் வேலை. டம்பெலில் அந்த வேலை உன்னுடையது. தோள்மூட்டைச் சுற்றி நான்கு சின்னத் தசைகள் உண்டு, எலும்பைக் குழியில் பிடித்து வைத்திருப்பவை. டம்பெல் ஆடாமல் இருக்க அவையும் உழைக்கும், வயிறும் முதுகும் சேர்ந்து உழைக்கும். கயிற்றில் இழுக்கிற மெஷினில் இதில் கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். கம்பிகளுக்கு நடுவே ஓடுகிற மெஷினில் மிகக் குறைவு.

மாப்பிள்ளையிடம் இதைக் காட்டினால் "அத்தை மெஷினுக்கு எதிரி" என்பார். இல்லை என்று சொல். தசை வளர்ச்சியை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். எதில் பழகுகிறோமோ அதில்தான் பலம் அதிகம் கூடுகிறது, அவ்வளவே. மெஷினில் இழுத்துப் பழகியவர் மெஷினில் நன்றாக இழுப்பார். உனக்கு வேண்டியது பிள்ளையைத் தூக்கும் பலம், அதனால்தான் இவ்வளவு பேச்சு.

மெஷின் ஜெயிக்கிற இடமும் ஒன்று உண்டு. இரும்புக்கு ஒரே திசைதான் தெரியும், கீழே. மேலிருந்து கீழே இழுக்கிற வேலையை டம்பெல் வைத்துச் செய்யவே முடியாது. கயிறும் கப்பியும் வேண்டும், இல்லாவிட்டால் கம்பியில் தொங்க வேண்டும். குழந்தைக்குப் பால் கொடுத்துக் கொடுத்துத் தோள் முன்னால் கூனிப்போன உனக்கு அந்த இழுப்பு ரொம்ப நல்லது. இதற்காக ஒரு முழு மெஷின் வேண்டாம். உடற்பயிற்சிக்கு என்று விற்கிற நீளமான ரப்பர் பேண்ட் ஒன்றை வாங்கிக் கதவின் மேல் மாட்டிக்கொள்.

அந்த ரப்பர் ஒன்றும் புதிது இல்லை. அப்பா போடுகிற சாண்டோ பனியன், அந்தப் பெயர் யூஜின் சாண்டோ என்கிற ஜெர்மன் பயில்வானுடையது. 1867-ல் பிறந்தவர், 1905-ல் இந்தியாவுக்கும் வந்து வித்தை காட்டியிருக்கிறார். நம் ஊரில் பயில்வான்களுக்கே சாண்டோ என்று பட்டம் வந்துவிட்டது; சின்னப்பா தேவரை நினைத்துக்கொள். யூஜின் சாண்டோ வீட்டு உபயோகத்துக்கு என்று ரப்பர் கயிறும், நடுவில் ஸ்பிரிங் வைத்த டம்பெலும் விற்றார். மேடையில் அவர் தூக்கிக் காட்டியது நிஜப் பாரம், ஜனங்களுக்கு விற்றது ஸ்பிரிங். இந்த வியாபாரம் எவ்வளவு பழசு என்று பார்த்தாயா?

பனியன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தது. பிரசவத்துக்கு வந்தபோது ஆறு மாதம் இருப்பதாகச் சொல்லிவிட்டு மூன்றாம் மாதமே கிளம்பினேனே. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றது பொய். இங்கே அப்பாவுக்கு வலது தோள் இறுகிவிட்டது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வருகிற ஃப்ரோஸன் ஷோல்டர். பனியனைத் தலைவழியாகக் கழற்ற முடியாமல் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறார் மனுஷன். வந்து பார்த்தபோது கொடியில் வெட்டின பனியன் மூன்று தொங்கியது.

பிசியோதெரபிஸ்ட் கப்பியில் கயிறு போட்டு, நல்ல கையால் இழுத்து வலிக்கிற கையை மெதுவாக ஏற்றச் சொன்னார். கப்பிக்கு எங்கே போவது என்று யோசித்தால் மாடியில் பதினெட்டாயிரம் ரூபாய்க் கப்பி வடாம் வாசனையோடு நிற்கிறது! தட்டு எல்லாவற்றையும் கழற்றினோம். கொஞ்சம் அசைவு வந்தபின் பாரம் வைக்கச் சொன்னார்கள். மெஷினின் மிகச் சின்னத் தட்டே ஐந்து கிலோ, அவரால் முடியாது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கயிற்றில் கட்டினேன். பிறகு ஒரு லிட்டர். இப்போது இரண்டு. டம்பெலைக் கொடுத்திருந்தால் அந்தத் தோள் அதைத் தாங்கிப் பிடிக்கவே முடிந்திருக்காது. கயிறுதான் அவருக்குத் துணை நின்றது. போன வாரம் பனியனைத் தானாகக் கழற்றி என்னிடம் கொண்டுவந்து காட்டினார். மெஷினை நான் இனிமேல் திட்டுவதில்லை.

உனக்கு என்ன வேண்டும் என்று சொல்கிறேன். முதலில் டாக்டரிடம் கேள். ஆபரேஷன் ஆன வயிறு, நடுத்தசை பிரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எதுவும். சரி என்றால் இரண்டு ஜோடி டம்பெல், ஒரு ரப்பர் பேண்ட், தடிமனான ரப்பர் மேட் போதும். மேட் கட்டாயம், கீழ் வீட்டுக்காரர்கள் உன்னிடம் பேசுவதை நிறுத்திவிடக் கூடாது. சத்தமே வராதது கம்பி மெஷினின் நல்ல குணம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே டம்பெலில் தட்டு மாற்றிக்கொள்ளும் வகையைப் பழையதாக வாங்குவதானால் மாடல் எண்ணைப் பார்த்து விசாரித்துவிட்டு வாங்கு. 2025-ல் அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் டம்பெல்களைத் திரும்பப் பெற்றார்கள், தூக்கும்போதே தட்டு கழன்று விழுகிறது என்று.

நெஞ்சுக்கு மேலே நீளக் கம்பி வைத்துத் தூக்குகிற பெஞ்ச் பிரஸ் மட்டும் வேண்டாம். வீட்டில் தனியாக இருக்கும்போது கை ஓய்ந்துவிட்டால் கம்பி கழுத்தில்தான் வந்து உட்காரும். டம்பெல் என்றால் பக்கவாட்டில் கீழே போட்டுவிடலாம். இந்த ஒரு விஷயத்தில் மெஷின்தான் பத்திரம்.

வாரத்துக்கு இரண்டு நாள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னதும் அதுதான், தசைக்கான பயிற்சி குறைந்தது இரண்டு நாள். ஒரு டம்பெலை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு பஸ்கி எடு. அப்புறம் தரையிலிருந்து தூக்கு: முதுகு நேராக, இடுப்பைப் பின்னால் தள்ளி, பாரம் காலை ஒட்டியே வர வேண்டும், தூக்கும்போது மூச்சை வெளியே விடு. நாற்காலியில் ஒரு கை ஊன்றி மறு கையால் இழு. கடைசியில் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு கூடத்தில் நட, கார் சீட்டுக்கு அதுதான் மருந்து. எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை, கடைசி இரண்டு கஷ்டப்பட்டு வரவேண்டும். சுலபமாக வந்தால் எடை போதவில்லை.

"இரும்பு தூக்கினால் உடம்பு ஆம்பிளை மாதிரி ஆகிவிடுமா" என்று கேட்டிருந்தாய். உன்னிடமிருந்து இந்தக் கேள்வியா! நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்கூல் ஸ்டோர் ரூமில் ஒரு பார்பெல் துருப்பிடித்துக் கிடந்தது. எடுத்து வெளியே வைத்தேன். பெண்பிள்ளைகள் தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று பெரியவர்கள் உள்ளே வைக்கச் சொல்லிவிட்டார்கள். 2000 செப்டம்பரில் சிட்னி ஒலிம்பிக்ஸில் முதல்முறையாகப் பெண்களுக்கு பளுதூக்குதல் வந்தது. ஸ்ரீகாகுளத்து கர்ணம் மல்லேஸ்வரி இரண்டு வகைத் தூக்குதலில் 110-ம் 130-மாக மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். நீ என் மடியில் இருந்தாய், ஆறு வயசு. மறுநாள் காலை நான் யாரிடமும் கேட்கவில்லை. ஸ்டோர் ரூமைத் திறந்து, மண்ணெண்ணெய் போட்டுத் துருவைத் தேய்த்து, கிரவுண்டில் கொண்டுபோய் வைத்தேன். எத்தனையோ பெண்கள் அதில் பழகினார்கள். நம் சத்துவாச்சாரிப் பையன் சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கியபோது தெருவே பட்டாசு வெடித்தது. எனக்கு அந்தத் துருப்பிடித்த கம்பிதான் ஞாபகத்துக்கு வந்தது.

மாப்பிள்ளைக்கு மெஷின் மேல் அவ்வளவு ஆசை என்றால் தடுக்காதே. ஆசைப்பட்டு வாங்கினால் கொஞ்ச நாளாவது செய்வார். பழசு என்பதால் கயிறு கப்பிக்குள் நுழைகிற இடத்தில் நார் பிரிந்திருக்கிறதா, கம்பிகள் மாட்டாமல் விட்டால் நேராக நிற்கின்றனவா என்று பார்க்கச் சொல். வளைத்தே விட்டு வைத்திருந்தால் அவை தளர்ந்திருக்கும். நான் சொன்னதாகச் சொல்லாதே, நீயே கண்டுபிடித்த மாதிரி சொல்.

முதல் தடவை தரையிலிருந்து தூக்கும்போது பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்து அனுப்பு, முதுகைப் பார்க்க வேண்டும். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது குழந்தையின் எடையைக் கேட்டு எனக்கு எழுது. எட்டு கிலோவைத் தாண்டியிருந்தால் பெரிய ஜோடியைப் பத்துக் கிலோவாகவே வாங்கிவிடு.

அன்புடன்,
அம்மா