கயலுக்கு, மயிலாடுதுறையிலிருந்து

அன்புள்ள கயல்,

அங்கே இன்னும் பனி கொட்டுகிறது என்று மாப்பிள்ளை அனுப்பிய படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். காதை மூடிக்கொண்டு வெளியே போ. உனக்குக் காதில்தான் முதலில் குளிர் ஏறும். இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியப்பா வீட்டு விஷயம் அப்படியேதான் கிடக்கிறது.

போனை எடுப்பதில்லை என்று குறை சொல்ல இதை எழுதவில்லை. வேலை இருக்கும். 'சரிம்மா' என்று ஒரு வார்த்தை அனுப்புகிறாய், அது போதும் என்று இருந்து பார்க்கிறேன். முடியவில்லை.

நீ எப்போதோ சொன்ன 'மதர்' என்கிற ஜப்பான் டிவி நாடகத்தை மாடி வீட்டுப் பையன் டேப்லெட்டில் போட்டுக் கொடுத்தான். 2010-இல் வந்தது, 11 பகுதி. கீழே ஓடுகிற இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்து முடித்தேன்.

முதலில் கதை நடக்கிற முரோரான், உன் சப்போரோவிலிருந்து ரயிலில் போகிற தூரம்தானாம். கதாநாயகி நாவோ பறவை ஆராய்ச்சி செய்தவள். அது போய், வேறு வழியில்லாமல் பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சராக வருகிறாள். பிள்ளைகள் மேல் ஒட்டுதல் இல்லாதவள். அவள் வகுப்பில் ரேனா, ஏழு வயது. பிடித்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறது அந்தப் பிள்ளை. சுழல் நாற்காலி, கிரீம் சோடா, வளைந்து போகிற மேட்டுப் பாதை. வீட்டில் படுகிற பாடு அந்த நோட்டில் இல்லை. ஒரு ராத்திரி குப்பைப் பையில் கட்டி, அந்தக் குளிரில் வெளியே போட்டுவிடுகிறார்கள். நாவோ வந்து பிள்ளையை வெளியே எடுக்கிறாள். நான் நிறுத்திவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

பிறகு நாவோ அவளைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விடுகிறாள். த்சுகுமி என்று பறவையின் பெயர் வைத்து, தன்னை அம்மா என்று கூப்பிடச் சொல்கிறாள். சட்டத்தில் அது பிள்ளை கடத்தல், கடைசியில் கைதாகிறாள். நாவோவே தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்தவள்தான்.

அந்த நாட்டில் குமாமோட்டோவில் ஓர் ஆஸ்பத்திரி, வளர்க்க முடியாத குழந்தையைப் போட்டுவிட்டுப் போக 2007-இல் ஒரு கதவு வைத்தது. நம் சேலத்தில் 1992-லேயே தொட்டில் வைத்தார்கள். ஆனால் ரேனாவுக்கு ஏழு வயது. தொட்டில் கொள்ளாத வயது.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. காதை மூடாமல் போகாதே.

முடிவில் நாவோ, இருபது வயதில் பிரித்துப் படிக்கச் சொல்லி அந்தப் பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதுகிறாள். அவளுக்கு எழுத முகம் இருந்தது. எனக்கு இல்லை, கயல். 1994, ஐப்பசி அடைமழை. நீ மறந்திருக்க மாட்டாய். பின்வீட்டுப் பிள்ளை நனைந்துகொண்டு வந்து கொல்லைப்படியில் நின்றாள். என் வகுப்புப் பிள்ளை. முழங்கைக்கு மேல் கரண்டிக் காம்பு அகலத்துக்குச் சூடு. அதற்கு முன்பே நான் இரண்டு தடவை பார்த்திருந்தேன். உன் பச்சைப் பாவாடையைக் கட்டிவிட்டு ரசம் சாதம் போட்டேன். அப்பளத்தில் பாதியைத் தின்னாமல் மடியில் முடிந்துகொண்டாள். "இங்கேயே இருக்கட்டும்மா" என்று நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாய். அப்பா வேண்டாம் என்று சொன்னதாகத்தான் இத்தனை வருஷமும் உன்னிடம் சொல்லி வந்தேன். அப்பா அன்றைக்கு ஊரிலேயே இல்லை. உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தவள் நான். குடை பிடித்துக் கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் விட்டவளும் நான்தான். அப்போது பிள்ளைகளுக்கு உதவி கேட்கிற 1098 போன் கிடையாது என்று சொல்லிக்கொள்வேன். தலைமையாசிரியர் இருந்தார், போலீஸ் ஸ்டேஷன் இருந்தது. ஊர் வாய்க்குப் பயந்தேன். பொங்கலுக்குள் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள்.

'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டவள், தை மாதம் நீ போனில் சொன்னதற்கு என்ன பதில் சொன்னேன்? நீங்கள் இருவரும் ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்கப் பயிற்சி முடித்து, அந்தப் பெண் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தோம் என்றாய். யார் பெற்றதோ, என்ன ரத்தமோ என்றேன். அதற்குப் பிறகுதான் 'சரிம்மா'. எட்டு வயதில் நீ செய்யப் பார்த்ததைத்தான் இப்போது செய்கிறாய். அதை என் வாயால் சொல்ல இத்தனை நாளாயிற்று. ஆனாலும் இரண்டு மாதம் பெற்றவளிடம் பேசாமல் இருந்திருக்க வேண்டாம் நீ.

அவளுக்கு என்ன வயது என்று நான் கேட்கவே இல்லை. நேற்றுக் கடைவீதியில் பச்சையில் ஒரு பாவாடைத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். இடுப்புச் சுற்றளவும், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நீளமும் எழுது. வளர்கிற பிள்ளை, கீழே இரண்டு மடிப்பு விட்டுத் தைக்கச் சொல்கிறேன்.

அம்மா