பழைய ஜெர்மன் நகரங்களில் எங்கே சாப்பிடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வெளியான ஜெர்மனிப் பயணக் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ரோதன்பர்க்கின் மதில்களையும் நூரம்பெர்க்கின் கோட்டையையும் கண்முன் நிறுத்திய கட்டுரையாளர், சாப்பாட்டுக்கு மட்டும் இரண்டே வரிகளை ஒதுக்கி, ரயில் நிலையத்துக்கு அருகில் இந்திய உணவகம் இருக்கும், இல்லையென்றால் கையில் புளிக்காய்ச்சல் இருக்கட்டும் என்று முடித்துவிட்டார். பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்று, மகளின் வேலை காரணமாக இரண்டு கோடைகளை நூரம்பெர்க்கில் கழித்த எனக்கு அந்த இரண்டு வரிகள் உறுத்தலாக இருந்தன. அந்த ஊர்களில் சாப்பிடும் இடமே பல வேளைகளில் பார்க்க வேண்டிய இடமாகவும் இருக்கிறது.

வூர்ஸ்பர்க்கை எடுத்துக்கொள்வோம். அங்கு 1316-இல் முதியோருக்கும் நோயாளிகளுக்குமாக நிறுவப்பட்ட பூர்கர்ஷ்பிடால் என்ற அறக்கட்டளையும், 1576-இல் ஆயர் யூலியஸ் எக்டர் நிறுவிய யூலியஸ்ஷ்பிடால் என்ற மருத்துவமனை அறக்கட்டளையும் இன்றும் சொந்தத் திராட்சைத் தோட்டங்களை வைத்துக்கொண்டு, அவற்றின் வருவாயில் முதியோரையும் நோயாளிகளையும் பராமரித்து வருகின்றன. தஞ்சைச் சீமையில் சத்திரங்களுக்கு நிலம் எழுதிவைத்த வழக்கத்தை அறிந்த நமக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. இரண்டின் வளாகத்திலும் பொதுமக்களுக்கான உணவகம் உண்டு. மது அருந்தாதவர்கள் திராட்சைச் சாறு கேட்டு வாங்கலாம். யாரும் முகம் சுளிப்பதில்லை. நூரம்பெர்க்கிலும் பெக்னிட்ஸ் ஆற்றின் ஒரு கிளைக்கு மேலே வளைவு கட்டி எழுப்பிய பரிசுத்த ஆவி மருத்துவமனையில் இப்போது உணவகம் நடக்கிறது. புனித ரோமானியப் பேரரசரின் மணிமுடியும் செங்கோலும் 1424 முதல் 1796 வரை அந்த நகரின் பொறுப்பில் இருந்தபோது, அவை வைக்கப்பட்டிருந்தது அந்த மருத்துவமனையின் தேவாலயத்தில்தான். இப்போதுள்ள மருத்துவமனைக் கட்டடம் இரண்டாம் உலகப் போரில் இடிந்து மீண்டும் கட்டப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்; ஜெர்மனியில் "பழைய" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனித்தே கேட்க வேண்டியிருக்கிறது.

பல பழைய நகரங்களில் நகர மன்றக் கட்டடத்தின் நிலவறையில் ராட்ஸ்கெல்லர் என்ற பெயரில் ஓர் உணவகம் இருக்கும். நகர மன்றம் தன் மதுவைச் சேமித்து விற்ற அறைகள் அவை. 1405 முதல் இயங்கும் பிரெமென் நகரத்து நிலவறை இவற்றில் பெயர் பெற்றது; 1653-ஆம் ஆண்டின் திராட்சை மது இன்னும் அங்கே ஒரு பீப்பாயில் இருக்கிறது. எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் நகர மன்றத்தைத் தேடுங்கள். அதன் படிகளுக்கு அடியில் மதியச் சாப்பாடு கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

இறைச்சி உண்பவர்களுக்கு ரீகன்ஸ்பர்க்கில் நான் சொல்லும் இடம், டான்யூப் ஆற்றின் மீது 1135 முதல் 1146 வரை கட்டப்பட்ட கல் பாலத்தின் காலடியில் உள்ள சிறிய சாசேஜ் கடை. பாலம் கட்டிய கொத்தர்களும் துறைமுகக் கூலியாட்களும் சாப்பிட்ட இடம் என்று ஊரார் சொல்வார்கள். வெள்ளம் எதுவரை ஏறியது என்று சுவரில் ஆண்டு வாரியாகக் குறித்திருப்பதை, தட்டு வரும் வரை படித்துக்கொண்டிருக்கலாம். நூரம்பெர்க்கின் சாசேஜோ ஏழு முதல் ஒன்பது சென்டிமீட்டர் நீளம் மட்டுமே இருக்கலாம். 2003 முதல் அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு உண்டு. ஆறு, எட்டு, பத்து என்று எண்ணிக் கேட்பதே அங்கு முறை.

சைவ உணவுக்காரரான என் கணவரோடு ஊர் சுற்றியதால் அடுத்த பகுதியை அனுபவத்தில் எழுதுகிறேன். ஒரு சிறுநகர விடுதியில் இறைச்சி வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லித்தான் உருளைக்கிழங்கு வறுவல் கேட்டோம். அதில் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் பொன்னிறமாகக் கிடந்தன. பரிமாறிய பெண் ஏமாற்றவில்லை. அவருக்கு அது தாளிப்பு மாதிரி. ஆகவே "ஓனே ஃபிளைஷ்" (இறைச்சி இல்லாமல்) என்பதோடு நிறுத்தாமல் "ஓனே ஷ்பெக்" (பன்றிக் கொழுப்பு இல்லாமல்) என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புளித்த முட்டைக்கோஸான சாவர்கிராட்டையும் பல சமையற்கட்டுகளில் பன்றிக் கொழுப்பில்தான் வேகவைக்கிறார்கள். பார்வைக்குக் கொழுக்கட்டை போலவே இருக்கும் மவுல்டாஷன், இறைச்சி விலக்க வேண்டிய தவக்காலத்தில் கடவுளின் கண்ணில் படாமல் மவுல்பிரோன் மடத்துத் துறவிகள் இறைச்சியை மாவுக்குள் ஒளித்த பலகாரம் என்பது அங்கே வழங்கும் கதை. கடவுளுக்கே தெரியாதென்றால் நமக்கு எப்படித் தெரியும்? முட்டை சேர்ப்பவர்களுக்குச் சிரமம் குறைவு. கொதிநீரில் பிழிந்த மாவைப் பாலாடைக்கட்டியோடு கலந்து வறுத்த வெங்காயம் தூவிய கேஸஷ்பெட்ஸ்லே, காளான் குழம்பில் மிதக்கும் ரொட்டி உருண்டை ஆகிய இரண்டும் வயிற்றை நிரப்பும். முட்டையும் கூடாதென்றால், ஏப்ரல் முதல் ஜூன் 24 வரை கிடைக்கும் வெள்ளை அஸ்பாரகஸை உருக்கிய வெண்ணெயுடன் கேளுங்கள்; கூடவே வரும் ஹாம் என்ற பன்றி இறைச்சி வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

கட்டுரையாளரின் புளிக்காய்ச்சலுக்கு வருகிறேன். அதை விடுதி அறையில் ஒளித்து உண்ண வேண்டியதில்லை. பவேரியாவில் கோடையில் பீர் காய்ச்சுவதற்கு ஒருகாலத்தில் தடை இருந்ததால், குளிர்காலத்தில் காய்ச்சியதை நிலவறைகளில் வைத்து, அவற்றின் மீது நிழலுக்காக மரங்களை நட்டார்கள். அந்த நிழலிலேயே விற்பனையும் தொடங்கி, அவை பீர் தோட்டங்களாக மாறியதும் உணவு விடுதிக்காரர்கள் தங்கள் வியாபாரம் கெடுவதாக முறையிட்டனர். 1812-இல் மன்னர் முதலாம் மாக்ஸிமிலியன் யோசஃப், காய்ச்சுபவர்கள் பீர் விற்கலாம், ரொட்டியைத் தவிர வேறு உணவு விற்கக் கூடாது என்று தீர்த்து வைத்தார். மக்கள் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வரத் தொடங்கினர். உணவு விற்பனைத் தடை பின்னர் போய்விட்டாலும் கட்டுச்சோற்று வழக்கம் நீடித்தது. 1999-இல் பவேரிய அரசு பிறப்பித்த விதியும், சொந்த உணவைக் கொண்டுவந்து உண்ணும் வாய்ப்பை இத்தகைய தோட்டங்களின் இலக்கணமாகவே குறிக்கிறது. மேசை விரிப்பு இல்லாத மேசைகளில் அமர வேண்டும், பானத்தை அங்கேயே வாங்க வேண்டும், நிபந்தனை அவ்வளவுதான். பாம்பெர்க்கின் குன்றுகளில் ஊருக்கு மேலே உள்ள இத்தகைய ஒரு தோட்டத்தில், முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு, ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த பானத்தோடு நாங்கள் புளியோதரை சாப்பிட்டோம். பக்கத்து மேசைக் குடும்பம் தன் முள்ளங்கியை எங்கள் பக்கம் நகர்த்தியது.

நேரத்தைப் பற்றியும் கட்டுரையில் குறிப்பிட்டிருக்கலாம். சிறு நகரங்களில் மதியம் இரண்டு மணியோடு அடுப்பு அணைந்தால் மாலை ஆறு மணி வாக்கில்தான் மீண்டும் எரியும்; இடையில் அடுமனைகளும் கேக் கடைகளுமே கதி. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்களோ செவ்வாயோ, விடுமுறைப் பலகை தொங்கும். குடிநீருக்குக் காசு உண்டு. மேசைமேல் கூடையில் இருக்கும் பிரெட்ஸல் என்ற முறுக்கிய ரொட்டியையும் எண்ணிக் கணக்கில் சேர்ப்பார்கள்; ஒரு சந்தைச் சதுக்கத்து உணவகத்தில் நாங்கள் இலவசமென்று நினைத்து நான்கைத் தின்றுவிட்டோம். "ஷ்டம்டிஷ்" என்று எழுதிய மேசை, நாள்தோறும் வரும் உள்ளூர்க்காரர்களுடையது. எவ்வளவு காலியாக இருந்தாலும் அதில் உட்காரலாகாது.

கட்டுரையாளர் உயர்வாகப் பேசிய ரோதன்பர்க்கின் "பனிப்பந்து", மாவு நாடாக்களைச் சுருட்டிப் பொரித்துச் சர்க்கரை தூவிய பண்டம். கடைச் சன்னலில் மிக அழகாக இருக்கும். வாயில் வறண்டு போகும். நான்கு பேருக்கு ஒன்று வாங்கினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.