நடுவில் திறக்க முடியாத பாத்திரத்தில் சீனக் கஷாயமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் வாசகர் குறிப்புகள் பகுதியில் சீன மூலிகைக் கஷாயம் பற்றி வந்ததைப் படித்தேன். பொட்டலத்தைப் பிரித்து, எல்லாவற்றையும் குக்கரில் கொட்டி, நாலு விசில் விட்டு இறக்கினால் வேலை முடிந்தது என்று போட்டிருந்தீர்கள். எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனால் நான் சிங்கப்பூரில் ஒரு சீனக் குடும்பத்தில் வீட்டு வேலை செய்பவள். அந்த வீட்டுப் பாட்டிக்கு (ஆ மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்) மருந்து காய்ச்சிக் கொடுப்பது என் பொறுப்பு. என்னைப் போல இங்கே வேலை செய்யும் தமிழ்ப் பெண்கள் பலரும் உங்கள் இதழைப் படிக்கிறார்கள். அந்தக் குறிப்பை நம்பி யாராவது குக்கரை அடுப்பில் ஏற்றிவிடக் கூடாதே என்றுதான் இந்தக் கடிதம்.

குக்கரில் என்ன தப்பு என்றால், அதை நடுவில் திறக்க முடியாது. சீன மருந்துக்கு நடுவில் திறந்தே ஆக வேண்டிய நேரம் வரும்.

மருந்துக் கடையில் சின்சே (சீன வைத்தியர்) எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினால், இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து, நிறுத்து, ஒரு காகிதத்தில் குவிப்பார்கள். வேர், பட்டை, காய், பூ எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். அது பெரிய பொட்டலம். அதோடு சில சமயம் ஒன்றிரண்டு சின்னப் பொட்டலம் தனியாக வரும். சும்மா தனியாகக் கட்டியதில்லை அது. வீட்டுக்கு வந்து அதையும் பெரிய பொட்டலத்தோடு சேர்த்துக் கொட்டினால் கடைக்காரர் பட்ட பாடு வீண்.

புதினா வகை (போஹோ), கொக்கி போல வளைந்த முள் உள்ள கோதெங் என்னும் குச்சி, இவையெல்லாம் கடைசியில் போட வேண்டியவை. இறக்குவதற்கு ஐந்து, பத்து நிமிடம் முன்னால் போட்டால் போதும். ரசத்துக்கு மல்லித்தழை போடுகிற மாதிரிதான். புதினாவை அரை மணி நேரம் கொதிக்க விட்டால் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும். வீடு மணக்கும், கிண்ணத்தில் ஒன்றும் இருக்காது. சீட்டில் இதற்கு 'ஹோ சியா' என்று எழுதியிருப்பார்கள். 'சியன் ஜியன்' என்று இருந்தால் நேர் எதிர், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் காய்ச்ச வேண்டியது. சிப்பி ஓடு, ஜிப்சம் கல் போன்றவை இந்த வகை. கல்லும் ஓடும் அவ்வளவு சீக்கிரம் சத்தை விடாது. உடைத்து, அரை மணி நேரமாவது தனியாகக் கொதிக்க விட்ட பிறகுதான் பெரிய பொட்டலம் உள்ளே போகும்.

மூன்றாவது வகை துணிப்பையில் கட்டிப் போடுவது. செச்சியன்ஸி என்று கடுகை விடச் சின்னதாக ஒரு விதை உண்டு. ஈரம் பட்டதும் வழவழவென்று ஆகிவிடும். பையில்லாமல் போட்டால் அடியில் ஒட்டிக் கருகும், வடிகட்டியையும் அடைக்கும். சுவான்ஃபுஹுவா பூவில் மெல்லிய ரோமம் இருக்கிறது. அது கஷாயத்தில் கலந்தால், இருமலுக்குக் கொடுத்த மருந்தே தொண்டையை அறுத்து இருமலைக் கிளப்பும். கடையிலேயே சின்னத் துணிப்பை தருவார்கள். கேட்டு வாங்குங்கள். பையை நிறைத்துவிடாமல் உள்ளே கொஞ்சம் இடம் விட்டு வாயைக் கட்டுங்கள், விதை ஊதும்.

ஜின்செங் விலை உயர்ந்தது என்பதால் தனியாக வேக வைத்து, கடைசியில் மற்றக் கஷாயத்தோடு கலப்பார்கள். சேர்த்துப் போட்டால் மற்ற வேர்கள் அதன் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும். கழுதைத் தோலிலிருந்து எடுக்கும் அஜியாவ் என்ற பசைக் கட்டி வந்தால் அடுப்பிலேயே வைக்காதீர்கள். வடித்த சூடான கஷாயத்தில் போட்டுக் கரைத்தால் போதும். பழுப்புக் கண்ணாடித் துண்டு போல இருக்கும், வாசனை எனக்குப் பிடிக்காது. ஆ மாவுக்கு அது என்றால் உயிர்.

ஃபூஸி பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊர் வைத்தியர்கள் நாபி என்று சொல்லும் விஷக் கிழங்கின் இனம். கடையில் கிடைப்பது பதப்படுத்தியதுதான் என்றாலும், முதலில் தனியாக நீண்ட நேரம் காய்ச்ச வேண்டும். எவ்வளவு நேரம் என்பதைச் சின்சேயிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். நீண்ட நேரம் கொதித்தால்தான் அதன் விஷப் பொருள் சிதைந்து வீரியம் குறையும். குறைவாகக் காய்ச்சிக் குடித்தால் உதடும் நாக்கும் மரத்துப் போகும், வாந்தி வரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். அப்படி ஆனால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள். நாலு விசில் யோசனையில் எனக்குப் பயம் தந்தது இதுதான்.

சரி, பெரிய பொட்டலத்துக்கு வருவோம். மண் பாத்திரம் நல்லது. இல்லையென்றால் கண்ணாடி, எனாமல், எவர்சில்வர். இரும்பு, செம்பு, அலுமினியம் வேண்டாம், மூலிகையின் துவர்ப்புச் சத்து உலோகத்தோடு சேர்ந்து நிறமும் குணமும் மாறும். தேய்த்துக் கழுவாமல் லேசாக அலசி, பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். அவசரத்துக்கு வெந்நீர் ஊற்றினால் வேரின் வெளிப்புறம் சட்டென்று இறுகிக்கொள்ளும், உள்ளே இருப்பது வெளியே வராது. மருந்துக்கு மேலே இரண்டு விரல் உயரம் தண்ணீர் நிற்க வேண்டும். பூவும் இலையும் நிறைய இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், அதிலேயேதான் காய்ச்ச வேண்டும்.

முதலில் பெரிய தீ, கொதி வந்ததும் சின்னத் தீ. சளி, காய்ச்சலுக்கான மருந்து என்றால் கொதித்த பின் கால் மணி நேரத்தை ஒட்டி. உடம்பைத் தேற்றும் மருந்து என்றால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. மற்றவற்றுக்கு அரை மணி. நம் கஷாயத்தை நாலில் ஒன்றாக வற்ற வைத்தே பழகிய கைக்கு இது விசித்திரமாக இருக்கும். இங்கேயும் பழைய ஆட்கள் மூன்று கிண்ணம் தண்ணீரை முக்கால் கிண்ணத்துக்குக் கொஞ்சம் மேலாக வற்றவை என்பார்கள். வாய் அகன்ற பாத்திரத்தில் அது சீக்கிரம் வற்றிவிடும் என்பதால் நான் கடிகாரத்தையும் பார்க்கிறேன்.

சூட்டோடு வடித்து, சக்கையைக் கரண்டியால் அழுத்திப் பிழியுங்கள். அப்புறம் அதே சக்கையில் குறைவான தண்ணீர் ஊற்றி இரண்டாம் முறை, நேரமும் குறைவு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து காலை பாதி, மாலை பாதி. தனித்தனியாகக் கொடுத்தால் காலையில் காரமும் மாலையில் வெறும் நிறத்தண்ணீரும்தான் போகும். கருகிப் போனால் தண்ணீர் விட்டு ஒப்பேற்றாமல் கொட்டிவிடுங்கள். விலையை நினைத்து மனசு கேட்காது, ஆனாலும் கொட்டுங்கள்.

ஆங்கில மருந்து சாப்பிடுபவர்கள் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும், மருத்துவரிடம் சின்சே மருந்தையும், சின்சேயிடம் மாத்திரைப் பட்டியலையும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு டாங்குய், டான்ஷென் என்ற சீன வேர்கள் இரண்டும் ரத்தக்கசிவை வரவழைக்கலாம். சீனக் கஷாயம் பலவற்றில் நம் அதிமதுரம்தான் இருக்கிறது. அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். ஆ மாவுக்கு அழுத்த மாத்திரை உண்டு என்பதால் அவருடைய சீட்டில் அதைச் சின்சேயே எடுத்துவிட்டார். பக்கத்து வீட்டுச் சீட்டை வாங்கி அதே மருந்தைக் காய்ச்சுகிறவர்கள் இந்த இடத்தைத் திரும்ப ஒரு முறை படியுங்கள். சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி சின்சேக்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

நேரமில்லாதவர்கள் கடையிலேயே காய்ச்சிப் பையில் அடைத்துத் தருவதை வாங்கிக்கொள்ளலாம். சொந்தமாகக் காய்ச்சுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கடையை விட்டு வெளியே வரும் முன், எது முன்னால், எது பின்னால், எது பையில் என்று கேட்டு, அந்தந்தச் சின்னப் பொட்டலத்தின் மேலேயே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். நான் பேனாவோடுதான் போகிறேன்.

அந்தக் குக்கர் குறிப்புக்கு ஒரு திருத்தம், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சிங்கப்பூர்

(பெயர் போட வேண்டாம். எங்கள் மேடத்துக்குத் தமிழ் தெரியாது, ஆனால் எதிர் வீட்டு அக்கா உங்கள் இதழை ஒரு வரி விடாமல் படிப்பவர்.)