கப்பல் ஓடிவந்து காத்துக்கிடப்பது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பெர்த்துக்காக, அதாவது துறைமுகத்தில் கப்பலைக் கட்டி நிறுத்தும் இடத்துக்காக, வெளிக்கடலில் நங்கூரமிட்டிருக்கும் கப்பலில் துணை எஞ்சினும் பாய்லரும் ஓய்வதில்லை. கடற்காற்று வீசினால் அந்தப் புகை எண்ணூருக்கும் காசிமேட்டுக்கும்தான் வரும். விரைந்து வந்து இப்படிக் காத்துக்கிடப்பதைவிட, இடம் காலியாகும் நேரத்துக்கு மெதுவாக வந்து சேர்வதே மேல். எஞ்சினின் திறன் தேவை ஏறக்குறைய வேகத்தின் மூன்றாம் அடுக்குப்படி ஏறுகிறது. வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் அதே தூரத்துக்கு எரிபொருள் சுமார் 19 சதவீதம் மிச்சம்.

கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட் ஏறும் நேரத்தைத் துறைமுகம் முன்கூட்டியே கப்பலுக்குச் சொல்லி, மாறும்போதெல்லாம் புதுப்பித்தால் போதும். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் துறைமுகத்தில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஆனால் கப்பலின் இருப்பிடத்தையும் பயண விவரத்தையும் ஒலிபரப்பும் ஏஐஎஸ் கருவி காட்டும் வருகை நேரத்தை மட்டும் நம்பக் கூடாது. அதைக் கப்பலில் கையால் பதிகிறார்கள். போன துறைமுகத்தின் பெயரே மாற்றப்படாமல் கிடக்கும். உலகப் பொது நேரத்துக்குப் பதில் இந்திய நேரத்தை இட்டுவிட்டால் ஐந்தரை மணி பிசகும். பெர்த், பைலட், இழுவைப் படகு மூன்றுக்கும் ஒரே நேரப்பதிவு வேண்டும்.

பெரிய முட்டுக்கட்டை கப்பலின் வாடகை ஒப்பந்தம். தாமதமின்றி விரைந்து செல்ல வேண்டும் என்று அதில் இருக்கும்வரை எந்த கேப்டனும் வேகத்தைக் குறைக்கத் துணியமாட்டார். பன்னாட்டுக் கப்பல் துறைச் சங்கமான பிம்கோ, வருகை நேரத்துக்கு ஏற்ப வேகத்தைக் குறைக்க இடம் தரும் மாற்று விதியை 2021-லேயே வெளியிட்டுவிட்டது. நம் சரக்கு உரிமையாளர்கள் அதை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும்.

– கடல்சார் பொறியாளர்கள் சிலர், சென்னை