"செல் பலவீனம்"னு எழுதாதீங்க, எந்த வேலை கெட்டதுன்னு எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க மருத்துவப் பக்கத்துல வந்த கட்டுரையை படிச்சேன். நல்ல எண்ணத்தோடதான் எழுதியிருக்காங்க, அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா ஒரே கட்டுரைல ஏழெட்டு இடத்துல "செல்கள் பலவீனமடைவதால் நோய் உண்டாகிறது"ன்னு வருது, கடைசில "செல்களுக்கு வலு சேர்க்க வேண்டும்"னு முடியுது. அந்த ஒரு வார்த்தையை பத்தி சொல்லத்தான் இந்த கடிதம். நான் டாக்டர் இல்ல, ரத்தப் பரிசோதனை லேப்ல 22 வருஷமா டெக்னீஷியன், மைக்ராஸ்கோப்ல செல்லை பாக்கறதுதான் தினம் என் வேலை.

சில வருஷம் முன்னாடி ஒரு அம்மா தன் பையனோட ரிப்போர்ட் வாங்க வந்தாங்க. பையனுக்கு எட்டு வயசு இருக்கும், அடிக்கடி கை கால் வலின்னு துடிப்பானாம், கண்ணு லேசா மஞ்சளா இருந்துச்சு. அந்த அம்மா கைப்பைலேர்ந்து நாலா மடிச்ச ஒரு பேப்பர் கட்டிங்கை எடுத்தாங்க, எந்த பேப்பர்னு நான் கவனிக்கல, "ரத்த செல்கள் பலவீனம்"ங்கற வரிக்கு கீழ பேனாவால கோடு போட்டிருந்துச்சு. "நான் சரியா பாத்துக்காததாலதானே இவனுக்கு செல்லு வீக் ஆயிடுச்சு"ன்னு கேட்டாங்க. ரிப்போர்ட்டை பத்தி டாக்டர்தான் பேசணும்கறது லேப் விதி, அதனால டாக்டரை பாருங்கம்மான்னு சொல்லி அனுப்பிட்டேன். இன்னிக்கு வரைக்கும் அது மனசை உறுத்துது.

ஏன்னா அன்னிக்கு காலைலதான் அந்த பையனோட ரத்தத்தை நான் பாத்திருந்தேன். ஸ்லைடுல ஒரு சொட்டு ரத்தம், அதோட ஒரு சொட்டு சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசல், மேல கவர் ஸ்லிப், ஓரமெல்லாம் காத்து புகாம அடைச்சுடுவோம், அந்த கரைசல் ரத்தத்துல இருக்கற ஆக்ஸிஜனை எடுத்துடும். வச்ச உடனே பாத்தா பெரும்பாலான செல்லு வட்டமா, நடுவுல லேசா குழி விழுந்து, எல்லார் ரத்தத்தையும் போலத்தான் இருந்துச்சு. அரை மணி நேரம் கழிச்சு பாக்கறேன், ஒண்ணு ஒண்ணா நீண்டு, முனை கூராகி, அரிவாள் அரிவாளா கெடக்கு. அரிவாள் செல் ரத்தசோகை.

அந்த செல்லு பலவீனமாகல, விறைச்சு போச்சு. ஹீமோகுளோபின்னா சிவப்பணுக்குள்ள ஆக்ஸிஜனை சுமக்கற புரோட்டீன், அதோட பீட்டா சங்கிலில 146 அமினோ அமிலம், அதாவது புரோட்டீனோட சின்ன கண்ணிங்க, வரிசையா கோத்திருக்கு, 6வது இடத்துல குளூட்டாமிக் அமிலம் இருக்கணும், இந்த நோய்ல அங்க வேலின் உக்காந்திருக்கு, அவ்ளோதான் வித்தியாசம். இது ஹீமோகுளோபின் மூலக்கூறுலயே இருக்கற நோய்னு 1949ல லைனஸ் பாலிங் குழு காட்டினாங்க, மாறினது எந்த அமினோ அமிலம்னு அடுத்த பத்து வருஷத்துக்குள்ள வெர்னான் இங்கிரம் கண்டுபிடிச்சார். வேலினுக்கு தண்ணி ஆகாது, ஆக்ஸிஜனை இறக்கி வச்ச உடனே அது பக்கத்து ஹீமோகுளோபின்ல இருக்கற குழிக்குள்ள போய் ஒட்டிக்குது, அது அடுத்ததோட, அடுத்தது அதுக்கடுத்ததோட, இப்படி கம்பி கம்பியா வளந்து செல்லை உள்ளேர்ந்து முட்டி நீட்டிடுது. நல்ல சிவப்பணு தன்னைவிட குறுகலான ரத்தக்குழாய்ல கூட மடங்கி நுழைஞ்சு போயிடும், இது மாட்டிக்குது, பின்னாடி வர்றதையும் மறிக்குது, பையனுக்கு வலி அங்கேர்ந்துதான் வருது. 120 நாள் ஓட வேண்டிய செல்லு 10, 20 நாள்ல உடைஞ்சுடுது, கண்ணு மஞ்சளாறதும் அதனாலதான். அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு அம்மாகிட்டேர்ந்து ஒண்ணுன்னு அந்த மரபணு வந்து சேர்ந்து, கரு உருவான அன்னிக்கே முடிவான விஷயம் இது. அந்த அம்மா எதையும் கவனிக்காம விடல.

சரி, இது ஒரு நோய்தானேன்னு நினைக்க வேணாம், எந்த நோயை எடுத்தாலும் பலவீனம்ங்கற வார்த்தை பொருந்தாம நிக்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்ங்கற பரம்பரை நோய்ல நுரையீரல்ல சளி பசை மாதிரி கெட்டியாயிடும். செல்லோட மேல்சவ்வுல குளோரைடு உப்பை வெளிய விடற ஒரு கதவு இருக்கு, பேரு சிஎஃப்டிஆர், 1480 அமினோ அமிலம் நீளமான புரோட்டீன். இந்த நோய் இருக்கறவங்க நிறைய பேருக்கு அதுல 508வது அமினோ அமிலம் ஒண்ணு மட்டும் விட்டுப்போயிருக்கும். அதனால புரோட்டீன் மடியும்போது கொஞ்சம் கோணலா மடியுது. செல்லுக்குள்ள மடிப்பு சரியா இருக்கான்னு பாக்கற ஒரு சோதனை உண்டு, அதுல ஃபெயிலானா அழிக்கணும்னு அடையாளம் ஒட்டி புரோட்டியசோம்ங்கற இடத்துக்கு அனுப்பிடும், அது துண்டு துண்டா வெட்டிடும். எனக்கு மனசு கனத்த இடம் இதுதான்: செல்லை 37 டிகிரிக்கு பதிலா சுமார் 27 டிகிரில வளத்தா அதே கோணல் புரோட்டீன்ல கொஞ்சம் சோதனையை தாண்டி மேல்சவ்வுக்கு போய் ஓரளவு வேலையும் செய்யுது. அதாவது முழுசா உதவாத பொருள் இல்ல, செல்லு ரொம்ப கறாரா இருந்ததால வீணா போன பொருள். 2019ல அமெரிக்கால அனுமதி கிடைச்ச மூணு மருந்து சேர்ந்த மாத்திரை இந்த இடத்தைத்தான் பிடிச்சுது, ரெண்டு மருந்து மடிப்பை சரி பண்ணி மேல அனுப்புது, ஒண்ணு கதவை திறக்க வைக்குது.

இதே கதவுதான் காலரால நேர் எதிரா கெடுது. காலரா கிருமியோட நச்சு குடல் செல்லுக்குள்ள போய் ஒரு சிக்னலை நிக்காம ஓட விடுது, சிஎஃப்டிஆர் மூடவே மாட்டேங்குது, உப்பு வெளிய கொட்டுது, பின்னாலயே தண்ணி போகுது, கடுமையா இருந்தா மணிக்கு ஒரு லிட்டர் வரைக்கும் போகும். அந்த நேரத்துலயும் அதே குடல்ல சர்க்கரையையும் சோடியத்தையும் சேர்த்து உள்ள இழுக்கற இன்னொரு வழி கெடாம வேலை செஞ்சுட்டுதான் இருக்கும். இப்படி ஒரு வழி இருக்குன்னு 1960ல ராபர்ட் கிரேன் சொன்னார், ஓஆர்எஸ் கரைசல்ல உப்போட சர்க்கரையும் கலக்கறது தெம்புக்காக இல்ல, அந்த வழியை திறக்கத்தான். இதை ஒரு தடவை புரிஞ்சுகிட்டவங்க வயித்துப்போக்குக்கு வெறும் தண்ணி போதும்னு நினைக்க மாட்டாங்க, கலக்கற அளவையும் மாத்த மாட்டாங்க.

புற்றுநோய்க்கும் அதே கட்டுரைல "பலவீனமான செல்"னு போட்டிருக்காங்க. ஹென்ரியட்டா லாக்ஸ்ங்கறவங்க கர்ப்பப்பை வாய் புற்றுநோயால 1951ல இறந்தாங்க, அவங்க புற்றுக்கட்டியிலேர்ந்து எடுத்த செல்லு இன்னிக்கும் உலகம் பூரா லேப்கள்ல பெருகிட்டே இருக்கு. அதையா பலவீனம்னு சொல்றது? டிஎன்ஏ சேதமானா பிரியாம நில்லு, சரி பண்ண முடியலன்னா செத்துப்போன்னு செல்லுக்கு உத்தரவு போடற பி53ன்னு ஒரு புரோட்டீன் இருக்கு, புற்றுநோய்கள்ல சுமார் பாதில அந்த மரபணு கெட்டிருக்கும். கர்ப்பப்பை வாய் புற்றுநோய்ல பாப்பிலோமா வைரஸ் வேற மாதிரி செய்யுது, பி53 மேல அழிக்கணும்ங்கற அடையாளத்தை ஒட்ட வச்சு, மேல சொன்ன அதே புரோட்டியசோமுக்கு அனுப்பிடுது. காவல் போனப்புறம் செல்லு சாக மறுக்குது. இதுக்கு தடுப்பூசி இருக்கு, அது செய்யறது வைரஸை உள்ள விடாம தடுக்கறது, செல்லுக்கு வலு சேர்க்கறது இல்ல.

இடம் பத்தாதுன்னு சொல்வீங்க, புரியுது. நான் கேக்கறது ஒரு வரிதான். எந்த நோயை பத்தி எழுதினாலும் எந்த செல்லு, அதுக்குள்ள எந்த வேலை, அது நின்னு போச்சா இல்ல நிக்காம ஓடுதான்னு ஒரு வரி போடுங்க. "செல்களுக்கு பலம்"னு வர்ற விளம்பரத்தை அந்த கட்டுரை பக்கத்துலயே வைக்காதீங்க, படிக்கறவங்க ரெண்டையும் சேர்த்துதான் படிக்கறாங்க. பரம்பரை நோயா இருந்தா, இது பெத்தவங்க செஞ்ச தப்பால வந்தது இல்லன்னு தெளிவா எழுதுங்க. அதை வெட்டி மடிச்சு கைப்பைல வச்சுக்க ஒரு அம்மா இருப்பாங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர்,
ஒரு லேப் டெக்னீஷியன்