ஹீட்டர் அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

என் மூன்றாவது மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டான். கஞ்சி குடிக்கிறான், படுத்த இடத்திலிருந்தே தம்பிகளை அதிகாரம் பண்ணுகிறான். நடந்தது என்னவென்று குன்னூர் மார்க்கெட்டிலிருந்து எங்கள் லயன், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகள், வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆற அமர எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் விட்டுப்போகும், என் வீட்டில் ஆற அமர என்று ஒரு நேரமே கிடையாது.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். மரப்பாலம் பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்துக் கிடந்த ராத்திரியில், கோத்தகிரி வழியாகச் சுற்றி இறக்கிக் கோயம்புத்தூர் கொண்டுபோய்ச் சேர்த்த 108 டிரைவர் தம்பிக்கு. முகம்கூடக் காட்டாமல் ரத்தம் கொடுத்துவிட்டுப் போன கல்லூரிப் பிள்ளைகளுக்கு. முறைவைத்து என் பையன்களுக்குச் சோறு போட்ட லயன் அக்காமார்களுக்கு. இந்தக் குளிரில் மாவு புளிக்க ரெண்டு நாள் ஆகும், அதையும் போர்வை சுற்றி அடுப்போரம் வைத்து அவர்களுக்காக இட்லி ஊற்றியிருக்கிறார்கள். காட்டெருமை இறங்குகிற நேரத்தில் டியூஷன் விட்டு வரும் பிள்ளைகளுக்கு டார்ச் அடித்துக் கூடவே நடந்த ஜீப்காரருக்கு. அரசுப் பள்ளியில் காலைச் சாப்பாடு ஆக்குகிற அக்காவுக்கும்தான். அந்தத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தபோது, 'ரெண்டு பேருக்குக் காலையில் டிபன் செய்ய வேண்டாம்' என்று மட்டும்தான் சந்தோஷப்பட்டேன். நான் வீட்டில் இல்லாத நாட்களில் கடைசி இருவரும் வயிறு காயாமல் வகுப்பில் உட்கார்ந்தது அதனால்தான். பெரியவன் கல்லூரிப் படிப்புக்கு அரசு தருகிற தன் தமிழ்ப் புதல்வன் பணம் ஆயிரத்தை அப்படியே அப்பா கையில் கொடுத்தான். பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்வது வழக்கமில்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

இனி அந்த அண்ணன் விஷயம்.

ஐப்பசி மழையில் குன்னூரில் துணி காயாது, இது கீழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது. துவைத்த சட்டை மூன்றாம் நாளும் சொதசொதவென்றுதான் தொங்கும். அடுப்புக்கு மேலே கொடி கட்டி, ராத்திரியில் ரெண்டு தடவை எழுந்து திருப்பிப்போட்டு, விடிகாலையில் இஸ்திரிப் பெட்டியால் மிச்ச ஈரத்தை ஓட்டினால்தான் ஐந்து பேர் பள்ளிக்கூடம் போக முடியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, உள்ளே கிடப்பவனைப் பற்றிய பயத்துக்கு நடுவில், வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல, எனக்குத் துணி நினைப்பாகவே இருந்தது. சோறு யாராவது போடுவார்கள். ஈர டவுசரை யார் பார்ப்பார்கள்?

ரெண்டாவது மகன் போனில், "துணியெல்லாம் காஞ்சிருச்சும்மா, ஃபேக்டரி ஹீட்டர் அண்ணன் வாங்கிட்டுப் போறாரு" என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் மேட்டுக்கு மேலே இருக்கிற தேயிலை ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்டில், கொழுந்து வாட்டச் சூடு கொடுக்கிற ஹீட்டர் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர் அவர். வருடக்கணக்காகப் பார்க்கிறோம், தலையசைப்பதோடு சரி. நாலாவது மகன் ஈர சாக்ஸோடு நொண்டி நடப்பதைப் பார்த்து, "எங்கடா அம்மா?" என்று கேட்டாராம். அன்று சாயங்காலமே கோணிப்பையோடு வாசலில் நின்றிருக்கிறார்.

மழைக்காலத்தில் கொழுந்தே தண்ணீரோடு வரும், அதை வாட்டச் சூடு கூட வேண்டும் என்பதால் ஹீட்டர் ராத்திரி முழுக்க எரியும். அதற்காகத் துணியை ஃபேக்டரிக்குள் கொண்டுபோய்த் தொங்கவிட முடியுமா? தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். ஈரக் கம்பளி நாற்றம் அதில் ஏறினால் அவர் வேலையே போய்விடும். அதனால் வெளிப்பக்கம், விறகு அடுக்கியிருக்கிற கொட்டகையில், ஹீட்டர் சுவரை ஒட்டிக் கம்பி இழுத்துக் காயப்போட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து முதல் ஸ்வெட்டரை எடுத்து முகர்ந்து பார்த்தேன், கற்பூர மர விறகுப் புகை அடித்தது.

இது மட்டுமென்றால் நல்ல மனுஷன் என்று கும்பிட்டுவிட்டு அக்காமார்களோடு சேர்த்து எழுதியிருப்பேன்.

என் வீட்டில் எல்லாத் துணியிலும் காலருக்கு உள்பக்கம் சிவப்பு நூலில் தையல் இருக்கும். பெரியவனுக்கு ஒன்று, அடுத்தவனுக்கு ரெண்டு, கடைக்குட்டிக்கு ஆறு. அண்ணன் சட்டை தம்பிக்கு இறங்கும்போது பழையதைப் பிரிக்கமாட்டேன், பக்கத்தில் இன்னொன்று போடுவேன். பெரியவனுக்கு எடுத்த நீல ஸ்வெட்டர் ஒன்று முழங்கை ரெண்டும் ஒட்டுப் போட்டு, ஆறு தையலோடு இன்றைக்குக் கடைசிப் பையன் மேல் கிடக்கிறது. கோயம்புத்தூர் கிளம்பும்போது சிலிண்டர், அரிசி அளவு, மாத்திரை என்று எல்லாம் சொல்லிவிட்டுப் போனேன். தையலைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் அதைக் கடைக்காரன் போட்ட அடையாளம் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார்!

அந்த அண்ணன் முதல் நாளிலிருந்தே துணியைத் தனித்தனிக் கட்டாகக் கட்டி அனுப்பியிருக்கிறார். ஒன்றுகூட மாறவில்லை. ஊர் திரும்பியதும் போய்க் கேட்டேன், எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க என்று.

"காலர்ல எண்ணுனேன். இத்தனை துணிக்கும் ஒருத்தி உக்காந்து தச்சிருக்கான்னா சும்மாவா தச்சிருப்பா?" என்றார். அவ்வளவுதான், விறகு தள்ளப் போய்விட்டார்.

ஐந்து பெண்ணைப் பெற்றால் அரசனும் ஆண்டி என்பார்கள், ஆறு ஆணைப் பெற்றவளுக்குப் பழமொழி கிடையாது. கேள்விதான் உண்டு. "ஆறும் பையனா? பொண்ணுக்காகப் பாத்தீங்களா?" பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்கள்கூடக் கேட்பார்கள். நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. இவர் கேட்கவும் இல்லை, துணியைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

இன்னொன்றும் செய்திருக்கிறார். மூணு தையல் துணி ஏன் வரவில்லை என்று பையன்களிடம் கேட்டு, ஆஸ்பத்திரியில் கிடப்பவனுடைய ரெண்டு செட்டையும் பெட்டியிலிருந்து எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். "மழைக்குப் பூஞ்சை புடிச்சுரும். அவன் வந்தா எதப் போடுவான்?" டாக்டர்களே எங்களிடம் ஒன்றும் பிடிகொடுத்துப் பேசாத நாட்கள் அவை. இங்கே ஒருவர் அவன் பள்ளிக்கூடம் போகச் சட்டையைத் தயார் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

அண்ணனிடம் இருப்பது பட்டன் போன். ஃபேக்டரி பக்கம் போகிறவர்கள் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரத்தம் கொடுத்த பிள்ளைகளை நான் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கடனுக்கு ஒன்று செய்கிறேன். பெரியவனுக்கு 19 ஆகிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆண்கள் கொடுக்கலாம் என்றார்கள். இந்த மாதமே முதல் தடவை போகிறான். மற்றவர்கள் 18 ஆக ஆக வரிசையாக வருவார்கள். ஊசி என்றால் ஓடுகிற ரெண்டாவது மகனையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போவேன், இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.

கடைசியாக, என் வீட்டில் உங்கள் பாத்திரங்கள் குவிந்து கிடக்கின்றன. நீல மூடி போட்ட தூக்குவாளி, பிடி உடைந்த ஒரு குக்கர், எவர்சில்வர் டிபன் கேரியர் ரெண்டு. யாருடையது என்று பையன்களுக்குத் தெரியவில்லை, சாப்பிட மட்டும் தெரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரமாட்டேன், சர்க்கரைப் பொங்கல் வைக்கிறேன்.