காதை அடைக்காத இயர்பட்ஸ்: யோகநாதனுக்கு ஒரு கடிதம்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள யோகநாதன்,

உம்முடைய கடிதமும் பேரப்பிள்ளைகளின் படங்களும் கிடைத்தன. மூத்தவன் அப்படியே உம்மைப் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறான். காதுக்குள் அடைக்கிற இயர்பட்ஸைப் போட்டுப் போட்டுத் துவாரம் அரித்துக் கடிக்கத் தொடங்கியதாகவும், சிறிது காலத்துக்குக் காதுக்குள் ஒன்றும் வைக்க வேண்டாம் என்று டொக்டர் மறித்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர். காதுக்கு வெளியே நிற்கிற புது வகையை நான் பாவிக்கிறேன் என்று உம்முடைய தங்கை சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அது உமக்குச் சரிவருமா என்றும் கேட்டிருக்கிறீர். வீட்டிலும் வளவிலும் நடையிலும் அது அருமையான சாமான். பஸ்ஸிலும் ரயிலிலும் அதை நம்பிப் போக வேண்டாம். இதுதான் என் முடிவு. காரணங்களைக் கொஞ்சம் விரித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், கடையில் உமக்கு எதைக் காட்டுவார்கள் என்று சொல்லிவிடுகிறேன். காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அதிர்வைக் கொடுத்து, அந்த எலும்பு வழியாகவே உட்காதுக்கு ஒலியை அனுப்புவது ஒரு வகை. சொக்ஸ் (Shokz) நிறுவனம் பெயரெடுத்தது இதில்தான். பின்கழுத்தைச் சுற்றி ஒரு வளையம் வருவதால், சாய்மனைக் கதிரையில் சாய்ந்தால் அது இடிக்கும். சத்தத்தைக் கூட்டினால் கன்னம் கூசும். மற்றவை ஒரு சின்ன ஸ்பீக்கரைக் காதுத் துவாரத்துக்கு முன்னால் நிறுத்தி, காற்று வழியாகவே ஒலியை விடுபவை. அவற்றில் சில காதுக்குப் பின்னால் கொக்கி போட்டுத் தொங்கும், சில காது மடலின் ஓரத்தைக் கவ்வி நிற்கும். கவ்வுகிற வடிவத்தை ஹுவாவே 2023 இன் கடைசியிலும் போஸ் 2024 இன் தொடக்கத்திலும் சந்தைக்குக் கொண்டுவந்தன. அதன் பிறகு பெயர் தெரியாத எத்தனையோ கொம்பனிகள் அதையே செய்யத் தொடங்கியதால், இப்போது எங்கள் பட்டினத்துக் கடைகளிலும் அவை கண்ணாடி அலுமாரிக்குள் வரிசையாக இருக்கின்றன.

நான் கவ்வுகிற வகையை எடுத்ததற்குக் காரணம் என் மூக்குக் கண்ணாடி. கொக்கி வகையைப் போட்டுப் பார்த்தபோது, கண்ணாடியின் காலும் கொக்கியும் காதுக்குப் பின்னால் உள்ள அதே பள்ளத்துக்காகச் சண்டை பிடித்தன. கண்ணாடியைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் கொக்கியும் சேர்ந்து வந்துவிட்டது. கவ்வுகிற வகைக்கு அந்தப் பள்ளமே தேவையில்லை. காதின் முன்குழியில் ஒலி வரும் சிறு உருண்டை, மடலுக்குப் பின்னால் பற்றரி உள்ள குட்டை உருளை, இரண்டையும் சேர்க்கும் வளைந்த பட்டி, அவ்வளவுதான். மடலின் ஓரம் மெல்லியதாக உள்ள மேற்பகுதியில் விரித்து மாட்டி, விரலால் மெல்ல மெல்லக் கீழே உருட்டிக்கொண்டு வந்தால், ஓரிடத்தில் வாசிப்பவரின் குரல் சட்டென்று கிட்ட வரும். அங்கேயே விட்டுவிட வேண்டும். ஒரு நெல்லளவு விலகினாலும் குரல் மெலிந்துவிடும். பின்னேரம் வரை கழற்றாமல் இருந்தால் மடலின் ஓரம் சற்றுச் சிவக்கிறது. வேறு உபத்திரவம் இல்லை. முதல் நாள் என்னைப் பார்த்த மனைவி, அறுபது தாண்டிய பிறகு இவருக்குக் காது குத்துக் கலியாணம் வந்திருக்கிறது என்று பக்கத்து வீடு வரை அறிவித்துவிட்டார். பிறகு தோட்டுக்கு மேலே மாட்டினால் இடிக்குமா என்று தாமே வாங்கிப் போட்டும் பார்த்தார். இடிக்கவில்லை.

ஒலி எப்படி என்றுதானே அடுத்துக் கேட்பீர்? நாம் இருவரும் பௌதிகம் படித்தவர்கள் ஆகையால் கணக்கோடு சொல்கிறேன். அடைக்கிற வகையில் சிலிக்கன் முனை துவாரத்தை மூடிவிடுகிறது; உள்ளே அகப்பட்ட துளிக் காற்றை அமுக்கித் தளர்த்தினாலே கனத்த ஒலி பிறந்துவிடும். திறந்த காதில் அந்த வசதி இல்லை. தாழ்ந்த மீடிறன் (அதிர்வெண்) உள்ள ஒலியை வெளிக்காற்றில் எழுப்ப நிறையக் காற்றை அசைக்க வேண்டும். அதற்காகவே இந்த வகையில் பெரும்பாலும் 10 மில்லிமீற்றருக்கு மேலான அதிரும் தகடுகளை வைக்கிறார்கள். அதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒலி அயலில் இருப்பவருக்குக் கேட்காமல் இருப்பதற்காக, பல நிறுவனங்கள் ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் துளை வைத்து, முன்னால் போகும் அலைக்கு எதிரான அலையை அந்த வழியால் விடுகின்றன. தூரத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. காதுக்குக் கிட்ட முன்னலையே பலமாக இருப்பதால் போட்டிருப்பவருக்கு மட்டும் கேட்கிறது. நல்ல உபாயம்தான். ஆனால் 50 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீற்றர். அந்த நீள அலைக்கு முன்துளையும் பின்துளையும் ஒரே இடம் என்றே ஆகிவிடுவதால், ஏற்கெனவே மெலிந்திருந்த கனம் இன்னும் மெலிகிறது. 5000 ஹேர்ட்ஸில் அலைநீளம் 7 சென்ரிமீற்றர் மட்டுமே, ஆகையால் அந்தப் பக்கத்தில் பெரிய குறை இல்லை.

விளைவை எங்கள் யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தட்சணாமூர்த்தியின் தவிலில் வைத்துச் சொன்னால் உமக்கு உடனே விளங்கும். தவிலின் வலப்பக்கமான வலந்தலையின் சொற்கட்டுகள் ஒவ்வொன்றும் பிரிந்து துல்லியமாக விழுகின்றன. கனத்து ஒலிக்கும் இடப்பக்கமான தொப்பியின் அடியோ நாலு வளவு தள்ளி நடக்கும் திருவிழாவில் இருந்து வருவதைப் போல இருக்கிறது. பழைய பதிவுகளில் கனம் முன்பே குறைவு என்பதும் உண்மைதான், என்றாலும் அடைக்கிற வகையில் அதே பதிவைக் கேட்டால் வித்தியாசம் தெரியும். நாதஸ்வரத்துக்கும் வாய்ப்பாட்டுக்கும் குறை சொல்ல மாட்டேன். செய்திக்கும் பேச்சுக்கும் கதை வாசிப்புக்கும் இதைவிடச் சிறந்ததை நான் பாவித்ததில்லை. அறைக்குள் ஒருவர் இருந்து வாசிப்பதாகவே தோன்றும்.

இனி, இந்தச் சாமானை நான் விரும்பும் காரணத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டு வாழ்க்கையில் காது ஒரு பொதுச்சொத்து. படலை தட்டுகிற சத்தம், குசினியில் குக்கரின் விசில், தண்ணீர்த் தாங்கி நிறைந்து வழிகிற சத்தம், ஒழுங்கை முனையில் திரும்பும்போதே தன் மாறாத இசைத்துண்டைப் போட்டுக்கொண்டு வருகிற பாண் ஓட்டோ, எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவருடைய காது திறந்திருக்க வேண்டும். அடைக்கிற வகையைப் போட்டிருந்த காலத்தில், மனைவி மூன்றாம் தரம் கூப்பிடும்போது குரலில் ஏறியிருக்கும் சூட்டோடுதான் எனக்கு விடயமே தெரியவரும். இப்போது பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டபடி கச்சேரி கேட்கிறேன், கூப்பிட்டால் உடனே மறுமொழி சொல்கிறேன், கச்சேரியும் நிற்பதில்லை. கிணற்றுக் கட்டில் குனிவதற்கு முன் மட்டும் இரண்டையும் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிடுவேன். அகன்ற எங்கள் கிணற்றில் ஒன்று விழுந்தால், கூலி கொடுத்து இறக்கி எடுப்பிக்கிற பெறுமதி அதற்கு இல்லை.

தொலைபேசியில் கதைப்பதற்கும் இது இதம். காதை அடைத்துக்கொண்டு கதைத்தால் நம் குரல் நமக்கே குடத்துக்குள் இருந்து வருவது ஏன் என்றால், எலும்பு வழியாகத் துவாரத்துக்கு வந்து சேரும் தாழ்ந்த ஒலி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது. திறந்த காதில் அது வெளியே போய்விடுவதால், எதிரே இருப்பவரோடு கதைக்கிற அளவான குரலிலேயே கதைக்கலாம். மகளோடு ஒரு மணித்தியாலம் கதைத்தாலும் களைப்புத் தெரிவதில்லை. ஆனால் ஒலி வெளியே போகாது என்று பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர். மின்விசிறி சுழலும்போது பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காது. மின்சாரம் நின்று அறை அடங்கிய நேரத்தில், மகள் என்ன சொன்னாள் என்பது மனைவிக்கும் கேட்டுவிடுகிறது. எங்கள் வீட்டில் அதில் இரகசியம் இல்லை. உம்முடைய அலுவலகத்தில் இருக்கலாம்.

வீதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் இப்போதும் சைக்கிளில்தான் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிறேன். இடையில் ரயில் கடவையும் உண்டு. 1990 இல் நின்றுபோன ரயில் 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது உமக்குத் தெரியும். தண்டவாளமே இல்லாத வெறும் மேட்டில் நடந்து வளர்ந்த ஒரு தலைமுறை இங்கே இருக்கிறது; அவர்களுக்கு ரயில் பழக்கமாவதற்குள் காதை அடைக்கும் கருவியும் வந்து சேர்ந்துவிட்டது. கடவைக்குக் கிட்ட இளம்பிள்ளைகள் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு போவதைக் காணும்போது எனக்கு வயிறு கலங்கும். அந்த வகையில் திறந்த காது எவ்வளவோ மேல். ஆனாலும் காது திறந்திருப்பது வேறு, கவனம் திறந்திருப்பது வேறு. சுவையான கதையொன்று ஓடும்போது மினிபஸ்ஸின் ஹோர்ன் காதில் விழும், மனதில் பதியாது. ஆகவே சைக்கிளில் ஏறினால் நான் நிறுத்திவிடுவேன். நடையில் மட்டும் கேட்பேன். சைக்கிளில் காற்று உருண்டையில் மோதி இரைவதால் கேட்டாலும் சுகமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளும்.

பஸ்ஸுக்கு இது உதவாது என்று மேலே எழுதினேன். எங்கள் தனியார் பஸ்களில் சாரதி போடும் பாட்டையும் இயந்திரத்தின் இரைச்சலையும் தாண்டி ஒரு பேச்சைக் கேட்க வேண்டுமானால், சத்தத்தைக் கடைசிப் படிவரை ஏற்ற வேண்டியிருக்கிறது. இரைச்சல் உள்ளே வருவதைத் தடுக்க ஒன்றுமே இல்லாதபோது, அதை மேவுவது ஒன்றே வழி. ஆபத்து அங்கேதான். வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபல் சத்தம் என்றால் கிழமைக்கு 40 மணித்தியாலம், 90 டெசிபல் என்றால் 4 மணித்தியாலம் என்று உலக சுகாதார அமைப்பு எல்லை சொல்கிறது. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு ஆவதால் நேரமும் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. காதுக்கு வெளியே இருப்பதால் இது காதுக்குக் கெடுதல் செய்யாது என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வாரும். உட்காதின் மெல்லிய மயிர்க்கலங்களுக்கு ஒலி எந்த வாசலால் வந்தது என்பது பொருட்டல்ல, அவை அழிந்தால் திரும்ப முளைப்பதும் இல்லை. நம் வயதில் உயர்ந்த மீடிறன்களின் பக்கம் எப்படியும் தேயத் தொடங்கியிருக்கும். மிச்சத்தை நாமே தேய்க்க வேண்டியதில்லை.

கடியைப் பொறுத்தவரை, என் அனுபவம் உமக்கு மருந்தாகாது. டொக்டர் சொன்னபடியே நடவும். துவாரத்தை மூடி வைத்தால் வியர்வை உள்ளேயே தங்கித் தோல் ஊறும் என்பதும், தானாக வெளியே நகர்ந்து வருகிற காதழுக்கை முனைகள் திரும்ப உள்ளே தள்ளும் என்பதும் உண்மை. சித்திரை வெயிலில் எனக்கும் அந்தப் புழுக்கம் இருந்தது, இப்போது இல்லை.

உம்முடைய நாளை நான் அறிந்த அளவில், காலையிலும் மாலையிலும் சப்வேயில் போகிறீர், மிச்ச நேரம் வீடும் பூங்காவும். சப்வேக்குக் காதை முழுதாக மூடுகிற பெரிய ஹெட்போனை, இரைச்சலை அழிக்கும் வசதியுள்ளதாக வாங்கும்; அது துவாரத்துக்குள் போகாது, இரைச்சலைக் குறைத்துத் தருவதால் சத்தத்தை ஏற்றவும் தேவையில்லை. பூங்காவுக்கும் வீட்டுக்கும் கவ்வுகிற வகை. இரண்டுக்கும் காசு விட மனம் வராவிட்டால் ஹெட்போனை முதலில் எடும். உம்முடைய காது அதிகம் அடிபடுவது சப்வேயில்தான். கவ்வுகிற வகையில் சின்னப் பற்றரியை மாற்ற வழியில்லை என்பதால் அதிக விலை கொடுக்க வேண்டாம். ஒருமுறை சார்ஜ் போட்டால் ஆறேழு மணித்தியாலம் ஓடுவதும், ஐபிஎக்ஸ்4 அளவுக்காவது நீர்த்துளி தாங்குவதும், போனையும் கணினியையும் ஒரே நேரத்தில் தொடுக்க முடிவதும் போதும்.

ஒன்றை மட்டும் இங்கிருந்து என்னால் பார்த்துச் சொல்ல முடியாது. உங்கள் ஊர்க் குளிரில் காதை மூடிக் கம்பளித் தொப்பி போடுவீர் அல்லவா? தொப்பியின் விளிம்பு உருளையை அழுத்தி உருண்டையைத் திருப்பிவிடக்கூடும். கண்ணாடியோடும் தொப்பியோடும் கடைக்குப் போய், போட்டபடி பத்து நிமிடம் நடந்து பார்த்து, வாங்கினீரா விட்டீரா என்று எழுதும். மனைவி உம்மையும் தங்கச்சியையும் சுகம் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
உம்முடைய சண்முகம்